சின்ன ஆபீஸில் நெட் அடிக்கடி கட் ஆனால்: எங்கே அறுகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

நெட் போனதும் பெரும்பாலான ஆபீஸ்களில் நடப்பது ஒரே காரியம்தான். யாராவது எழுந்து போய் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் நெட் வந்துவிடுகிறது, எல்லாரும் வேலையைப் பார்க்கிறார்கள், மறுநாள் மறுபடியும் போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பதால் ரவுட்டர்தான் கோளாறு என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, அதன் பிறகும் நெட் போய்க்கொண்டே இருக்கும் ஆபீஸ்கள் ஏராளம்.

காரணம் இதுதான். ரவுட்டரை அணைத்து ஏற்றும்போது அது மட்டும் புதிதாகத் தொடங்குவதில்லை. லைனில் லாகின் புதிதாக நடக்கிறது, கணினிகளும் போன்களும் புதிதாக ஐபி (ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் கொடுக்கும் முகவரி எண்) கேட்கின்றன, வைஃபை வேறு சேனலுக்குப் போகலாம், தளர்ந்திருந்த அடாப்டர் பின்னைக் கை பட்டு அழுத்தியிருப்போம். ஆக எது கோளாறாக இருந்தாலும் அது தற்காலிகமாகச் சரியாகும். கூடவே பல ரவுட்டர்களில் உள்ளே இருந்த பதிவும் அழிந்துவிடும், அதாவது என்ன நடந்தது என்பதற்கான ஒரே சாட்சியை நாமே துடைத்துவிடுகிறோம். எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே பிடிவாதத்தில் நிற்கிறது: எந்த இடத்தில் அறுகிறது என்று தெரிவதற்கு முன்னால் எதையும் மாற்றக் கூடாது, எதையும் வாங்கக் கூடாது.

உதாரணத்துக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு கணினிகள், டேலி ஓடும் ஒரு சர்வர், இரண்டு பிரின்டர், கேமரா ரெக்கார்டர், விரல் ரேகை வைக்கும் வருகைப் பதிவு மெஷின். ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, அதிலிருந்து பல கணினிகளுக்கு லேன் கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்விட்ச், உள் அறைக்கு வைஃபை போதவில்லை என்று யாரோ கொண்டுவந்து மாட்டிய பழைய ரவுட்டர் ஒன்று. நம் ஊரில் பெரும்பாலான சின்ன ஆபீஸ்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

1. முதல் இரண்டு மூன்று நாள்: எழுதி வையுங்கள்

ஒரு தாளை ரவுட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். நெட் போகும் ஒவ்வொரு முறையும் நேரம், யார் யாருக்குப் போனது, தானாக வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது, அந்த நேரத்தில் கரண்ட் போனதா, பெட்டியில் எந்த விளக்கு எந்த நிறத்தில் இருந்தது, இவ்வளவும் எழுத வேண்டும். விளக்குகளை போனில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. "எல்லாருக்கும் போச்சு" என்று ஒருவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். வயரில் இருப்பவர் ஒருவரிடமும் வைஃபையில் இருப்பவர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். டேலி அப்போது ஓடியதா என்பதும் முக்கியமான கேள்வி, ஏனென்றால் டேலி சர்வர் ஆபீஸுக்குள்ளேயே இருக்கிறது. நெட் போனபோது டேலியும் நின்றிருந்தால் கோளாறு ஆபீஸுக்குள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், ஃபைபர் கம்பெனிக்கு போன் போட்டுப் பயனில்லை.

அப்புறம் ஒரு விஷயம். 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் மட்டும் "நெட் ஸ்லோ" என்று புகார் வந்தால் அது நெட் இல்லாமல் இருக்கலாம். அவை ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள்கள், தளமே திணறும். வேறு நாலு தளம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த நாள்களைத் தனியாகக் குறியுங்கள்.

2. பிங் போடுவது, அதுவும் சரியான இடங்களுக்கு

பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது; பதில் வராமல் போவதுதான் லாஸ். இதுதான் இந்த வேலையின் உயிர். 8.8.8.8க்கு மட்டும் பிங் போட்டுவிட்டு "லாஸ் வருது" என்று சொல்வது பாதி வேலை. ஒரே நேரத்தில் நான்கு இடங்களுக்குப் போட வேண்டும்.

முதலாவது, உங்கள் ரவுட்டரின் உள் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இரண்டாவது, வயரில் இருக்கும் உள் சாதனம் ஒன்று, டேலி சர்வரோ பிரின்டரோ. மூன்றாவது, லைன் கொடுத்த கம்பெனியின் தரப்பில் உள்ள முதல் இடம். அதைக் கண்டுபிடிக்க விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 8.8.8.8க்கு ட்ரேஸ்ரூட் (tracert 8.8.8.8) போட்டால் முதல் வரியில் உங்கள் ரவுட்டரும் இரண்டாவது வரியில் கம்பெனியின் முகவரியும் வரும். அது பதில் சொல்லாமல் நட்சத்திரக் குறி மட்டும் காட்டினால் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வரி பதில் சொல்லாமல் அடுத்த வரிகள் ஒழுங்காக வந்தால் அது கோளாறு இல்லை, அந்த இடம் பிங்குக்குப் பதில் தருவதில்லை, அவ்வளவுதான். நான்காவது, வெளி உலகம்: கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டையும் போடுங்கள், ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

விண்டோஸின் சாதாரண பிங், எத்தனை மணிக்குத் தவறியது என்று பதிவு செய்வதில்லை. அதனால் நிர்சாஃப்ட்டின் பிங்இன்ஃபோவியூ போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பல முகவரிகளை ஒன்றாகக் கவனிக்கும், கடைசியாக எப்போது தவறியது என்றும் காட்டும். இதை இரண்டு கணினிகளில் ஓட விட வேண்டும். ஒன்று ரவுட்டரிலேயே நேராக லேன் கேபிள் மாட்டியது, இன்னொன்று அதிகம் புகார் சொல்பவரின் இருக்கையில் அவர் வழக்கமாக எப்படி இணைகிறாரோ அப்படி. கணினி தூங்கிப்போகாமல் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

3. கிடைத்ததைப் படிப்பது

ரவுட்டரோடு நேராக இணைந்த கணினியில் எல்லாம் ஒழுங்காக இருக்க, வைஃபை கணினியில் மட்டும் ரவுட்டர் முகவரியே தவறினால் கோளாறு வைஃபையில். ஸ்விட்ச் வழியாக வரும் கணினிகளுக்கு மட்டும் ரவுட்டர் தவறினால் ஸ்விட்ச் அல்லது கேபிள். எல்லாக் கணினிக்கும் ஒரே நொடியில் ரவுட்டர் தவறினால் ரவுட்டரே விழுந்து எழுகிறது, இல்லையென்றால் ஆபீஸுக்குள் எங்கோ லூப் (கேபிள் சுற்றி வந்து ஸ்விட்சிலேயே சேர்வது, 5ஆம் பகுதியில் விவரம்) இருக்கிறது. ரவுட்டர் பதில் சொல்ல, கம்பெனியின் முதல் இடம் தவறினால் லைன், பெட்டி அல்லது லாகின். முதல் இடம் வரை சரி, 8.8.8.8ம் 1.1.1.1ம் சேர்ந்து தவறுகின்றன என்றால் கம்பெனியின் உள் பிரச்சினை, உங்களால் செய்ய ஒன்றுமில்லை, ஆதாரத்தோடு புகார் கொடுக்கலாம். எல்லா பிங்கும் ஒழுங்கு, ஆனால் தளம் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள்; ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1, 8.8.8.8 என்று கையால் போட்டுப் பாருங்கள். எதுவும் தவறவில்லை, ஆனால் 5 மில்லிசெகண்ட் இருந்த நேரம் 800க்கு ஏறுகிறது என்றால் லைன் நிரம்பி வழிகிறது.

எப்போதாவது ஒரே ஒரு பிங் தவறினால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தொடர்ந்து ஐந்து பத்து தவறி, அதே நேரத்தில் தாளிலும் யாராவது எழுதியிருந்தால்தான் அது கணக்கு.

இனி உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம்.

4. ரவுட்டரே விழுந்து எழுந்தால்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் (அதன் உள் முகவரியை பிரவுசரில் போட்டால் திறப்பது) இரண்டு கடிகாரங்கள் இருக்கும்: பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது, வெளி இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது. பலர் கண்டுகொள்ளாத இடம் இது, ஆனால் அரை நிமிஷத்தில் பாதி விடை இங்கே கிடைக்கும். பெட்டி இருபது நாளாக ஓடுகிறது, இணைப்பு மட்டும் இரண்டு மணி நேரமாகத்தான் இருக்கிறது என்றால் லைன் அறுந்திருக்கிறது. பெட்டியே இரண்டு மணி நேரமாகத்தான் ஓடுகிறது, யாரும் தொடவில்லை என்றால் மின்சாரம், சூடு, அல்லது பெட்டியின் கோளாறு.

மின்சாரத்தில் முதல் சந்தேகம் அடாப்டர். இரண்டு மூன்று வருஷம் ஓடிய 12 வோல்ட் அடாப்டர் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும், எல்லாரும் ஒன்றாக வேலை செய்யும்போது மின்னழுத்தம் இறங்கி பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். மாற்றும்போது அதே வோல்ட், அதே அல்லது கூடுதலான ஆம்பியர், பின்னின் பிளஸ் மைனஸும் அதேபோல இருக்க வேண்டும். வோல்ட் மாறினால் பெட்டியே போய்விடும்.

அடுத்தது இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தச் சின்ன இடைவெளியில் கணினிகள் தாங்கினாலும் ரவுட்டர் தாங்காமல் போகலாம். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் பின்னால் இருக்கிறது, அதைப் போட்டால் வேகமாக மாறும். அது போதவில்லை என்றால் ரவுட்டருக்கென்றே வரும் சின்ன 12 வோல்ட் டிசி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் நான் தயங்காமல் வாங்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றுமே பேக்கப்பில் இருக்க வேண்டும். மாடியில் இருக்கும் ஸ்விட்சை மறந்துவிட்டு மற்ற இரண்டுக்கும் யூபிஎஸ் போட்டிருக்கும் ஆபீஸ்கள் அதிகம்.

சூடு: பெட்டியைக் கண்ணாடி அலமாரிக்குள்ளோ கேமரா ரெக்கார்டர் மேலேயோ வைக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் விழுகிறது, ஏசி போட்டால் நிற்கிறது என்று தாள் சொன்னால் வேறு விளக்கம் வேண்டாம்.

5. கேபிள், ஸ்விட்ச், லூப்

கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளும் சரியாக இருந்தால்தான் 1000 எம்பிபிஎஸ் இணைப்பு வரும். நான்கு மட்டும் சரி என்றால் 100க்கு இறங்கி ஓடும். ஒரு கணினி 1000ல் இருக்க வேண்டியது 100 என்று காட்டினால் அந்தக் கேபிள் அல்லது கிரிம்பிங் (முனையில் பிளக் பொருத்தியது) சரியில்லை, இன்றைக்கு ஓடினாலும் நாளைக்கு அறும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, நெட்வொர்க் லிங்க் துண்டிக்கப்பட்டது என்று எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். இன்டெல் கார்டுகளில் அது 27 என்ற எண்ணோடு வரும். அது இருந்தால் உங்கள் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் உள்ள கம்பிதான் விஷயம்.

விலை குறைவான கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் உள்ளே உடையும், நீளம் கூடக் கூட சிக்னல் சீக்கிரம் குறையும். முழுச் செம்பு கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள், ஒரு ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போகக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி கடித்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். இடி மின்னலுக்குப் பிறகு ஸ்விட்சின் ஒரு போர்ட் மட்டும் அரை உயிரோடு இருப்பதும் உண்டு, லிங்க் விளக்கு வந்து வந்து போகும். கேபிளை வேறு போர்ட்டில் மாட்டி ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும்.

லூப் என்பது ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே ஸ்விட்சில் மாட்டப்பட்டிருப்பது, அல்லது இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் இருப்பது. துப்புரவு முடிந்ததும் தொங்கிக்கொண்டிருக்கும் முனையை நல்லெண்ணத்தோடு யாராவது காலி ஓட்டையில் செருகிவிடுவார்கள். அந்த நொடியில் ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறி பிடித்தது போல் மின்னும், டேலியும் நிற்கும், ரவுட்டர் பிங்கும் நிற்கும். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கியதும் விளக்குகள் வெறியாக மின்னுவது நிற்கிறதோ அதுதான். பிறகு எல்லா முனைகளிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

6. ஐபி குழப்பம்

"எனக்கு மட்டும் போகுது, பக்கத்து சீட்டுக்கு வருது" என்ற புகாருக்கு அடிக்கடி இதுவே காரணம். நெட் போன கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) போட்டுப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து ஐபி கிடைக்கவில்லை. ரவுட்டரில் ஐபி கொடுக்கும் வரம்பைப் பாருங்கள். 100 முதல் 149 வரை என்று இருந்தால் மொத்தமே 50 தான். பன்னிரண்டு கணினி, அவரவர் போன், வந்து போகும் கிளையன்ட்களின் போன் என்று ஒரு நாள் வாடகையில் (ஒருவருக்குக் கொடுத்த எண்ணை ரவுட்டர் அவருக்கென்றே வைத்திருக்கும் காலம்) எடுத்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். வரம்பை 51 முதல் 250 வரை விரித்து, வந்து போகிறவர்களுக்குத் தனி கெஸ்ட் வைஃபை வைத்து, அதற்கு மட்டும் வாடகை நேரத்தை இரண்டு மணியாகக் குறையுங்கள்.

பிரின்டர், ரெக்கார்டர், வருகை மெஷின், டேலி சர்வர் எல்லாவற்றுக்கும் அந்த வரம்புக்கு வெளியே, 2 முதல் 50க்குள் நிலையான எண் கொடுங்கள். வரம்புக்குள் ஒரு எண்ணை பிரின்டருக்குக் கையால் போட்டுவிட்டால், பிரின்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ரவுட்டர் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கும், பிரின்டரை ஆன் செய்ததும் அவருக்கு நெட் போகும். ஈவன்ட் வியூவரில் 4199 என்ற எண் வந்தால் இந்த மோதல்தான்.

இப்போது அந்தப் பழைய ரவுட்டருக்கு வருவோம். அது ஆபீஸ் கேபிளோடு லேன் போர்ட்டில் மாட்டப்பட்டு, உள்ளே ஐபி கொடுக்கும் வேலையும் ஆனில் இருந்தால், ஆபீஸில் இரண்டு பேர் ஐபி கொடுக்கிறார்கள். யாருக்கு எது முந்துகிறதோ அதைப் பொறுத்து நெட் வரும் அல்லது வராது. ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் (ipconfig /all) போட்டு டிஹெச்சிபி சர்வர் (ஐபி கொடுக்கும் பெட்டி) வரியை இரண்டு மூன்று கணினிகளில் ஒப்பிடுங்கள். பழையதற்கு 192.168.1.2 போல ஒரு எண் கொடுத்து, அதில் டிஹெச்சிபியை அணைத்து, லேனிலிருந்து லேனுக்கு மட்டும் இணைத்தால் வெறும் வைஃபை பெட்டியாக நல்லபடி வேலை செய்யும்.

7. வைஃபை

முதல் அறிவுரை: மேஜையை விட்டு நகராத எந்தக் கணினியும் வைஃபையில் இருக்கக் கூடாது. கேபிள் இழுங்கள். பாதிப் புகார் அதோடு போய்விடும்.

மீதிக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. ரேடார் சிக்னல் என்று ரவுட்டர் நினைத்தால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி, அதே வகைச் சேனலுக்கு மாறினால் குறைந்தது 60 நொடி கேட்டுப் பார்த்த பிறகே தொடங்க முடியும். "ஒரு நிமிஷம் போய் தானாக வருது" என்ற புகாருக்கு இது நல்ல சந்தேகம். ஆட்டோவை எடுத்துவிட்டு 36 அல்லது 149 என்று நிலையாக வையுங்கள். இருக்கையில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் அளவில் இருந்தால் நிம்மதி, மைனஸ் 75க்குக் கீழே போனால் அந்த இடத்துக்குக் கேபிளில் வரும் இன்னொரு வைஃபை பெட்டி தேவை. கம்பியில்லாத ரிப்பீட்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், வேகம் பாதியாகும், அறுவதும் கூடும்.

ஒரே லேப்டாப்புக்கு மட்டும் போகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

8. லைன்

ஃபைபர் பெட்டியில் LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளியே வரவில்லை, ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. பச்சைத் தலை உள்ள மெல்லிய வயர் எங்காவது மடங்கி மேஜைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யும்.

பெட்டியின் உள் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15லிருந்து மைனஸ் 25 வரை இருந்தால் பொதுவாக நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் பெட்டியின் எல்லைக்கு வந்துவிட்டது. எண்ணைவிட அதன் மாற்றம் முக்கியம். வெயிலில் மைனஸ் 21, மழை பெய்தால் மைனஸ் 26 என்று போனால் கம்பத்தில் உள்ள ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது. ஐப்பசி கார்த்திகையில் இந்தப் புகார் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். தினமும் காலையில் ஒரு தடவை எழுதி வையுங்கள்.

ஒளி நன்றாக இருந்தும் இணைப்பு அறுந்தால் ரவுட்டரின் பதிவில் பிபிபிஓஇ (PPPoE, கம்பெனியின் லைனில் ரவுட்டர் லாகின் செய்யும் முறை) பற்றிய வரிகளைத் தேடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அறுகிறது என்றால் ஒரு லாகின் இவ்வளவு நேரம்தான் நிற்கும் என்று கம்பெனி தரப்பில் வரம்பு (செஷன் நேரம்) வைத்திருக்கலாம், அதை நேராகக் கேளுங்கள்.

புகார் கொடுக்கும்போது "அடிக்கடி நெட் போகுது" என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். "இந்தத் தேதி, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை, ரவுட்டர் பதில் சொன்னது, உங்கள் முதல் முகவரி பதில் சொல்லவில்லை, நேராகக் கேபிளில் சோதித்தேன், ஆப்டிகல் பவர் இவ்வளவு" என்று பிங் பதிவின் படத்தோடு அனுப்பினால் பேச்சே வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் (புகார் எண்) தர வேண்டும், தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

9. அறவில்லை, அடைக்கிறது

பிங் நேரம் மட்டும் ஏறினால் யாரோ அப்லோடை நிரப்புகிறார்கள். கிளவுட் பேக்கப், வெளியிலிருந்து பார்க்கப்படும் கேமரா, பெரிய ஃபைலை டிரைவில் ஏற்றும் ஒருவர். பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள், ரவுட்டரில் க்யூஓஎஸ் (லைன் வேகத்தைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் அப்லோடை லைன் வேகத்தின் 90 சதவீதத்துக்குள் கட்டுங்கள்.

10. மாற்றிய பிறகு

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். கேபிள், சேனல், அடாப்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அறுந்த லைன் என்றால் ஒரு வாரமாவது பொறுத்திருந்துதான் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். மறுநாளே சொல்வதில் அர்த்தமில்லை. பிங் மென்பொருள் அதுவரை ஓடட்டும்.

நெட் நின்றால் தொழிலே நிற்கும் ஆபீஸ் என்றால் இரண்டாவது லைன் போட்டு, இரண்டு லைன் தாங்கும் ரவுட்டர் வையுங்கள். இரண்டாவது லைனும் அதே கம்பத்தில் தொங்கி வந்தால் ஒரே லாரி இரண்டையும் அறுத்துவிடும், அதனால் வேறு பாதையில் வருவதா அல்லது சிம் போடும் 4ஜி, 5ஜி இணைப்பா என்று கேட்டு முடிவெடுங்கள். எது உயிரோடு இருக்கிறது என்று ரவுட்டர் சோதிக்கும் முகவரியாக கம்பெனியின் கேட்வேயை (மேலே சொன்ன கம்பெனியின் முதல் இடம்) வைக்காமல் 8.8.8.8 போல வெளியே உள்ளதை வையுங்கள், இல்லையென்றால் கம்பெனிக்கு உள்ளே அறுந்தால் ரவுட்டருக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை சாயங்காலத்தில் முதல் லைனின் லேன் கேபிளை ரவுட்டரிலிருந்து கழற்றி, இரண்டாவதற்கு மாறுகிறதா, மெயிலும் வங்கித் தளமும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.